தாலிக்கும் ட்ரீட்டிக்கும் என்ன சம்பந்தம்?

பெங்களூரில் அமெரிக்க வரிக் கணக்குப் போடும் வேலையில் இருப்பவர்களுக்கு, மாம்பழ சீசனுக்கு முன்னால் இன்னொரு சீசன் உண்டு. பிப்ரவரியில் சூடுபிடித்து ஏப்ரல் 15 வரை ஓடும். அந்த நாட்களில் ஆபீஸ் வேலை முடிந்து அல்சூரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும் வேலை முடிந்ததாகாது. தெருவில் யாராவது ஒருவருடைய பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான்; அவனுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

இந்த முறை வந்தது கீழ்வீட்டு அக்காவின் மகள். வொயிட்ஃபீல்டில் வேலை. போன கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை 2023 ஆகஸ்டில் எஃப்1 என்ற மாணவர் விசாவில் போய், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறார். வகுப்பெடுக்க உதவி செய்வதற்குச் சம்பளம் வாங்குகிறார். அவருடைய நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: "இந்தியாவோட ட்ரீட்டி இருக்கு. உனக்குக் கல்யாணமும் ஆயிடுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து ஃபைல் பண்ணா 31,500 டாலர் கழிவு. வரியே வராது."

"நிஜமா அண்ணா?" என்று கேட்டாள்.

நண்பர் சொன்னதில் ட்ரீட்டி, அதாவது இரு நாட்டு வரி ஒப்பந்தம், இருப்பது உண்மை, கல்யாணம் ஆனது உண்மை, 31,500 என்ற எண்ணும் உண்மை. மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வராது, அவ்வளவுதான்.

நம் ஊரில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரி ரிட்டர்ன் போடும் வழக்கமே கிடையாது. அவரவர் பான் நம்பர், அவரவர் கணக்கு. கல்யாணமானவரா இல்லையா என்பதால் வரி விகிதம் மாறாது. அமெரிக்காவில் மாறும். அங்கே கல்யாணமானவர்கள் சேர்ந்து ஒரு ரிட்டர்ன் போடலாம். 2025 வருடத்துக்கு அப்படிப் போடுகிறவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். தனி ஆளுக்கும், கல்யாணமாகித் தனித்தனியாகப் போடுகிறவருக்கும் 15,750. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்றால் எந்த ரசீதும் காட்டாமல் வருமானத்திலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளும் தொகை. இதைக் கேள்விப்பட்டதும் நம்மவர்களுக்குக் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். அமெரிக்க வரித்துறையின் கணக்கில் நீங்கள் ரெசிடென்டா, நான்-ரெசிடென்டா?

இதற்கும் பாஸ்போர்ட்டுக்கும் சம்பந்தமில்லை. நாள் கணக்கு. இந்த வருடம் அங்கே இருந்த நாட்கள் முழுதாக, போன வருடத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருடத்து நாட்களில் ஆறில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டி 183 வந்தால், அதில் இந்த வருட நாட்கள் குறைந்தது 31 இருந்தால், ரெசிடென்ட். எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் இப்படி எண்ணிப் பார்த்தாலே போதும்.

மாணவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. எஃப்1, ஜே1 (பரிமாற்றத் திட்ட விசா) மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருடங்களின் நாட்கள் எண்ணப்படுவதில்லை. காலண்டர் வருடம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டிசம்பர் 30-ஆம் தேதி போய் இறங்கினாலும் அந்த வருடம் முழுதாக ஒன்று என்று கழிந்துவிடும். நம் மாப்பிள்ளை 2023 ஆகஸ்டில் போனவர். 2023, 24, 25, 26, 27 என ஐந்து வருடம் அவர் நான்-ரெசிடென்ட். மாணவராகவே தொடர்ந்தாலும் 2028 ஜனவரி 1 முதல் அவருடைய நாட்களும் எண்ணப்படும்.

நான்-ரெசிடென்ட் போட வேண்டிய படிவம் 1040-என்ஆர். அந்தப் படிவத்தில் கணவன் மனைவி சேர்ந்து போட இடமே கிடையாது. கல்யாணமானவர் என்றால் 'கல்யாணமாகித் தனியாகப் போடுகிறவர்' என்ற கட்டத்தில்தான் டிக் அடிக்க வேண்டும். 31,500 இங்கேயே அடிபட்டுப் போகிறது. அந்த நண்பர் பாவம், எச்1பியில் இருப்பவர். தன் கணக்கை மனதில் வைத்துச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் ட்ரீட்டி என்ன தருகிறது? இந்தியாவும் அமெரிக்காவும் 1989 செப்டம்பர் 12 அன்று டெல்லியில் கையெழுத்திட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் அது. நடைமுறைக்கு வந்தது 1990 டிசம்பரில். பல நாடுகளின் ஒப்பந்தங்களில் 'மாணவருக்கு இத்தனை டாலர் வரை வரி இல்லை' என்று ஒரு தொகை இருக்கும். சீனாவோடு உள்ள ஒப்பந்தத்தில் அது 5,000 டாலர். அறைத்தோழன் சீனாக்காரன் என்றால், "அவனுக்கு 5,000 உண்டாமே, எனக்கு எங்கே?" என்ற கேள்வி தவறாமல் வரும்.

நமக்குத் தொகையாக எதுவும் இல்லை. அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. இந்திய மாணவருக்கும் தொழில் பயிற்சியாளருக்கும், உதவித்தொகை மீதும் வேலைச் சம்பளத்தின் மீதும், அந்நாட்டு ரெசிடென்டுக்குக் கிடைக்கும் அதே விலக்குகளும் சலுகைகளும் கிடைக்கும் என்கிறது. சாதாரணமாக நான்-ரெசிடென்டுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. இந்தப் பிரிவு இருப்பதால் இந்திய மாணவருக்கு உண்டு. மற்ற நாட்டு மாணவர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய இடம் இது. பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது, நம்மவர்களில் பலருக்கும் தெரியாது.

எவ்வளவு மிச்சமாகும்? ஒரு வருடத்தில் 22,000 டாலர் சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ட்ரீட்டி இல்லாவிட்டால் முழுத் தொகைக்கும் வரி; 2025 விகிதப்படி சுமார் 2,400 டாலர். ட்ரீட்டிப்படி 15,750 கழித்தால் மிச்சம் 6,250. அதற்குப் பத்து சதவீதம், 625 டாலர். வித்தியாசம் 1,775 டாலருக்குக் கொஞ்சம் மேலே. மாணவனுக்கு அது இரண்டு மாத வாடகையாகக்கூட இருக்கலாம். படிவத்தில் கழிவு எழுதும் வரிக்குப் பக்கத்தில், இது அமெரிக்க-இந்திய ஒப்பந்தப்படி அனுமதிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இவ்வளவு மதிப்பு.

அதே பிரிவின் முதல் உட்பிரிவும் புது மனைவிமார்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. படிப்புக்கும் பிழைப்புக்கும் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வரும் பணத்துக்கு அங்கே வரி கிடையாது. வொயிட்ஃபீல்ட் சம்பளத்திலிருந்து அவள் மாதாமாதம் அனுப்புகிற பணத்தை அவர் வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை. இதைச் சொன்னதும், "அப்போ நான் அனுப்பறதும் ஒரு ட்ரீட்டி பெனிஃபிட்தானா?" என்று சிரித்தாள்.

இனி கல்யாணம் எங்கே குறுக்கே வருகிறது என்று பார்ப்போம்.

சலுகை ஆளுக்கு உரியது, குடும்பத்துக்கு உரியது அல்ல. கணவனும் மனைவியும் இருவருமே எஃப்1 மாணவர்கள் என்றால் இருவருக்கும் தனித்தனியே 15,750 உண்டு. ஆனால் இருவரும் தனித்தனி 1040-என்ஆர் போட வேண்டும். ஒருவர் பயன்படுத்தாமல் விட்ட கழிவை மற்றவர் எடுத்துக்கொள்ள முடியாது. இதில் ஒரு கண்ணி உண்டு. ஒருவர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை விட்டுவிட்டுச் செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழித்தால், மற்றவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போய்விடும். அவர் தெரியாமல் செய்தாலும் இவருக்குத்தான் நஷ்டம். ஆகவே இரண்டு படிவத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் போடுவது உத்தமம்.

எஃப்2 விசாவில் கூடப் போகும் மனைவிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அவளுக்கு வருமானம் இல்லை, ரிட்டர்னும் இல்லை. ஆனால் 8843 என்ற படிவத்தை அவளும் தன் பெயரில் தனியாக அனுப்ப வேண்டும். குழந்தை எஃப்2-வில் இருந்தால் குழந்தைக்கும் ஒன்று. 'என் நாட்களை எண்ணாதீர்கள்' என்று சொல்லும் படிவம் அது. வருமானமே இல்லாதவர்கள் அதை ஜூன் 15-க்குள் அனுப்பினால் போதும். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

"மனைவியைப் படிவத்தில் சேர்த்தால் வரி குறையும்" என்று ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பொய்யாகத் தொடங்கியதல்ல. 2017 வரை தலைக்கு இவ்வளவு என்று ஒரு விலக்கு இருந்தது. கடைசி வருடத்தில் 4,050 டாலர். வருமானம் இல்லாத மனைவிக்கும் அதை எடுத்துக்கொள்ள இந்திய மாணவருக்கு ட்ரீட்டி வழிவிட்டது. 2018 முதல் அந்த விலக்கே பூஜ்ஜியம். 2025-இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. பெரியண்ணன் 2012-இல் செய்ததைத் தம்பி இன்று செய்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. அங்கேயே பிறந்து குடியுரிமை பெற்ற குழந்தை இருந்தால் மட்டும் கதை வேறு. 2025-க்குக் குழந்தை ஒன்றுக்கு 2,200 டாலர் வரை, வருமானத்திலிருந்து அல்ல, கட்டும் வரியிலிருந்தே கழிவு உண்டு, இந்திய மாணவர்கள் அதைக் கேட்க ட்ரீட்டி இடம் தருகிறது.

ஜே1 விசாக்காரர்கள் விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. நம் ஊர் இந்திய அறிவியல் கழகம் மாதிரி இடங்களிலிருந்து ஆராய்ச்சிக்கோ கற்பிப்பதற்கோ போகிறவர்களுக்கு ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டு வருடம் வரை அந்தச் சம்பளத்துக்கு வரியே இல்லை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு மாதம் நீண்டாலும், கடந்த இரண்டு வருடத்துச் சலுகையும் சேர்ந்து போய்விடும். முழுக்கத் திரும்பக் கட்ட வேண்டும். வேலை நீளும் என்று தெரிந்தே போகிறவர்கள் இந்தப் பிரிவைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

அவரோடு ஜே2-வில் போகும் மனைவி அனுமதி வாங்கி வேலைக்குப் போகலாம். அங்கேதான் அதிர்ச்சி. கணவரின் 22-ஆம் பிரிவு அவளுக்குக் கிடையாது. அவள் மாணவியும் அல்ல, அதனால் 21-ஆம் பிரிவும் இல்லை. நான்-ரெசிடென்ட் என்பதால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் இல்லை. முதல் டாலரிலிருந்தே வரி. போதாக்குறைக்கு, கணவருக்கு இல்லாத சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தமும் அவள் சம்பளத்தில் 7.65 சதவீதம் போகும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், கட்டியதை இங்கே கணக்கில் சேர்க்கவும் வழியில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு வரி உலகம்.

சரி, அந்த 31,500 யாருக்குத்தான் கிடைக்கும்? இருவரும் ரெசிடென்ட் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. எச்1பி கணவனும் அங்கேயே குடியிருக்கும் எச்4 மனைவியும் நாள் கணக்கில் தேறிவிட்டால் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். கணவர் அங்கே எச்1பியில் ரெசிடென்ட், மனைவி பெங்களூரிலேயே இருக்கிறாள் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. வருடக் கடைசியில் ஒருவராவது ரெசிடென்டாக இருந்தால், மற்றவரையும் ரெசிடென்டாக நடத்துங்கள் என்று இருவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் இணைக்கலாம். நம் மாப்பிள்ளை இப்போது செய்ய முடியாதது இதுதான். அவரே நான்-ரெசிடென்ட், இவள் அங்கே போனதே இல்லை. சேர்ந்து போட வழியே இல்லை.

எச்1பி தம்பதிக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கணவருக்கு 90,000 டாலர். மனைவிக்குப் பெங்களூரில் 18 லட்சம் ரூபாய். ஒரு டாலர் 90 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 20,000 டாலர். அவர் தனியாகப் போட்டால் 2025 விகிதத்தில் வரி 11,249. சேர்ந்து போட்டால் இவள் சம்பளமும் அமெரிக்கப் படிவத்துக்குள் வரும். இருந்தும் வரி 8,943 தான். இவள் இந்தியாவில் கட்டிய வரிக்கு அங்கே தனியாகக் கழிவு கேட்டால் இன்னும் குறையும். ஆக, சம்பளம் மட்டும் என்றால் சேர்ந்து போடுவது பெரும்பாலும் லாபம்தான்.

அப்புறம் ஏன் நான் இதற்கு உடனே தலையாட்டுவதில்லை? சேர்ந்து போட்டால் இவளுடைய உலக வருமானம் முழுக்க அங்கே போய் நிற்கும். ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி, வாடகை, நகை விற்ற லாபம் எல்லாம். மாதாமாதம் எஸ்ஐபியில் போட்டுவரும் மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால், வெளிநாட்டு ஃபண்டுகளுக்கென்று அங்கே இருக்கிற கடுமையான தனி விதிகளும் கூடவே வரும். படிவம் நிரப்பிக் கொடுப்பவரின் கட்டணமே மிச்சமான வரியைத் தின்றுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச், அங்கே ஜனவரி முதல் டிசம்பர். ஆகவே ஒரு ஃபார்ம் 16 போதாது. இரண்டாவது ஃபார்ம் 16 ஜூனில்தான் கைக்கு வரும், அங்கே கெடு ஏப்ரல் 15. சம்பளச் சீட்டுகளை வைத்து மாதம் மாதமாகக் கூட்ட வேண்டும். இவளுக்கு அங்கே சமூகப் பாதுகாப்பு எண் இல்லாததால் டபிள்யூ-7 படிவம் போட்டு, அதற்குப் பதிலாக ஐடின் என்ற வரி எண் வாங்க வேண்டும். அதற்கு அசல் பாஸ்போர்ட்டோ, அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலோ கேட்பார்கள், அல்லது அனுமதி பெற்ற முகவர் வழியாகப் போக வேண்டும்.

இன்னொன்று. மனைவியையும் ரெசிடென்டாக நடத்தச் சொல்லும் இந்த ஏற்பாடு அமலில் இருக்கும் வருடங்களில், 'நான் வேறு நாட்டு ரெசிடென்ட்' என்று சொல்லி இருவரில் யாரும் பொதுவாக ட்ரீட்டிச் சலுகை கேட்க முடியாது. ஒருமுறை எடுத்தால் தானாக அடுத்தடுத்த வருடமும் தொடரும். வேண்டாம் என்று விலக்கிக்கொண்டால், அதே தம்பதி மறுபடி அதை எடுக்கவே முடியாது. இதைப் பார்த்தால் கல்யாணத்தைவிடக் கெடுபிடி அதிகம்.

எச்1பிக்கு மாறிய நாளோடு மாணவர் சலுகையும் முடிகிறது, 7.65 சதவீதப் பிடித்தமும் தொடங்குகிறது. ரெசிடென்ட் ஆகிவிட்டால், மனைவியோடு கூட்டாக வைத்திருக்கும் பெங்களூர் வங்கிக் கணக்கும் கணவர் காட்ட வேண்டியதாகிவிடும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனியே தெரிவிக்க வேண்டும். மாநில வரியையும் மறக்கக் கூடாது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் ட்ரீட்டியைப் பொருட்படுத்துவதில்லை.

இந்தியப் பக்கத்தில் ஒரு விநோதம். மாப்பிள்ளை இங்கேயும் நான்-ரெசிடென்ட், அங்கேயும் நான்-ரெசிடென்ட். எந்த வீட்டுக்கும் பிள்ளை இல்லை. இருந்தும் மாணவர் சலுகை எப்படிக் கிடைக்கிறது என்றால், 21-ஆம் பிரிவு 'ரெசிடென்டாக இருப்பவர்' என்பதோடு நிற்காமல், 'வருவதற்குச் சற்று முன்பு ரெசிடென்டாக இருந்தவர்' என்றும் சேர்த்துச் சொல்கிறது. எழுதியவர்கள் புத்திசாலிகள். ஆனால் வெளிநாட்டில் இருப்பவராக அவர் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கின் வட்டியில் வங்கி 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் டிடிஎஸ் பிடிக்கும்போது, ட்ரீட்டி விகிதமான 15 சதவீதத்தைக் கேட்க அமெரிக்க வசிப்புச் சான்று வேண்டும். 1040-என்ஆர் போடுகிறவருக்கு அந்தச் சான்று கிடைக்காது. இங்கே ரிட்டர்ன் போட்டுப் பிடித்தத்தைத் திரும்ப வாங்குவதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. அங்கே பிரபலமான வரி மென்பொருள்கள் பலவும் கேள்வி கேட்காமலே ரெசிடென்ட் படிவமான 1040-ஐ நிரப்பிக் கொடுத்துவிடும். ரீஃபண்ட் தொகை பெரிதாகத் தெரியும், கல்விச் செலவுக்கான கழிவும் சேர்ந்து வரும். அது நான்-ரெசிடென்டுக்கு உரியதல்ல. பிறகு 1040-எக்ஸ் போட்டுத் திருத்தி, வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும்.

அவள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குத்தான் வேறு கவலை. அமெரிக்காவில் டிசம்பர் 31 அன்று கல்யாணமானவராக இருந்தால் முழு வருடமும் கல்யாணமானவர்தான் என்று நான் நடுவில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"மார்கழி வந்துடும்னு அவசர அவசரமா கார்த்திகையில வெச்சோம். தையில வெச்சிருந்தா மாப்பிள்ளைக்கு வரி குறைஞ்சிருக்குமா தம்பி?"

கணக்கைத் திருப்பிப் பார்த்தேன். தனி ஆளுக்கும் 15,750, தனியாகப் போடும் கல்யாணமானவருக்கும் 15,750. அவர் வாங்கும் சம்பளத்துக்கு விகிதமும் ஒன்றேதான். அதே 625.

"ஒரு டாலர்கூட மாறாதுக்கா," என்றேன். அக்கா நிம்மதியாகக் காபி போடப் போனார்.